நீலத் தொட்டியில் கிடந்த ‘நாலு பக்கம்’

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் கல்லூரியின் பின்வாசலை ஒட்டி நிற்கும் நீல நிற மறுசுழற்சித் தொட்டிக்குள் கைவிட்டு ஆறு கட்டுகளை வெளியே எடுத்தேன். சிவப்பு ராஃபியாக் கயிற்றால் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. கட்டியவர் பொறுப்பானவர், முடிச்சு அவிழவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தரிக்கோலால் வெட்டினேன். 2014 முதல் உங்கள் மாணவர்கள் தமிழில் எழுதி, தாங்களே அச்சடித்து, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நான்கு புளோக்குகளிலும் (சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடத்தை இப்படித்தான் சொல்வோம்) கதவு கதவாகக் கொண்டுவந்து கொடுத்த ‘நாலு பக்கம்’ செய்தித்தாளின் பழைய பிரதிகள் உள்ளே இருந்தன. மேலே கிடந்த இதழில் வட்டமாக ஒரு காப்பிக் கறை.

அதற்கு ஐந்து நாள் முன்புதான் உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. ஜூலைத் தவணையிலிருந்து இந்தத் தாள் நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தொடர்புப் பிரிவு ஆங்கிலத்தில் மாதமொரு மின்மடல் வெளியிடும். மாணவர்களின் சமூக ஈடுபாடு இனித் தவணைக்கு ஒரு ‘சேவை நாள்’ என்று முறைப்படுத்தப்படும். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவையொட்டி மின்மடலில் தமிழுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்படும். இத்தனையும் எட்டு வரியில். கடைசி வரியில் என் நீண்டகால ஆதரவுக்கு நன்றி.

பதில் எழுதினேன்; தானாக வரும் பதில் ஒன்று வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டேன், பேசிய பெண் நல்ல பெண், “மேல சொல்றேன் ஆண்ட்டி” என்றார். தொட்டியைப் பார்த்த பிறகு, மேலே போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கத் தோன்றவில்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை மட்டும் எழுதவில்லை. பிள்ளைகளின் சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கப்போகிறது.

நான் உங்களிடம் படித்தவளும் அல்ல, சம்பளம் வாங்குகிறவளும் அல்ல. பின் புளோக்கில் ஆறாம் மாடியில் குடியிருக்கிறேன். அச்சகங்களில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவள். 2014ல் உங்கள் விரிவுரையாளர் ஒருவர் மின்தூக்கியில் என்னைப் பிடித்து, “பிள்ளைங்க ஒரு தாள் போடறாங்க, சந்திப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கம்மா” என்றார். அவர் வேலை மாறிப் போய் வெகு நாளாயிற்று. நான் மாட்டிக்கொண்டேன். ‘சந்திப் பிழை மட்டும்’ என்று ஆரம்பிப்பது எங்கே போய் நிற்கும் என்று மெய்ப்புப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதுவரை 104 இதழ்கள். ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வரும். பிள்ளைகள் வைத்த பெயரும் அதுதான், ‘நாலு பக்கம்’.

உங்கள் மின்னஞ்சலில் ‘செய்தி’ ஒரு தலைப்பின் கீழும் ‘சமூக ஈடுபாடு’ இன்னொரு தலைப்பின் கீழும் இருக்கின்றன. என் மனக்குறை அந்தப் பிரிப்பிலேயே தொடங்குகிறது. எங்கள் புளோக்குகளில் உங்கள் மாணவர்களுக்கு உண்டான ஈடுபாடு அத்தனையும் செய்தி எடுக்க வந்த இடத்தில் உண்டானது. ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

பத்தாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு தம்பி அவரைப் பேட்டி கண்டு, ‘கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றினார், 1971ல் தளம் மூடப்பட்டது’ என்று எழுதினான். நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தாள் போன மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெரியவர் கைத்தடியோடு உங்கள் வாசலில் நின்றார். “நாங்க எங்கப்பா கப்பல் கட்டினோம்? வந்த கப்பலை ரிப்பேர் பார்த்தோம். நான் பாய்லர் ஷாப்பு. கட்டுறவன் வேற, செப்பனிடுறவன் வேற. 71ல போனது வெள்ளைக்காரன் பட்டாளம். பட்டறை நம்ம கைக்கு வந்தது 68 டிசம்பர்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டியே.”

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தான். பெரியவர் சொன்னது சரி. 1968 டிசம்பரில் அந்தப் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு மாறிச் செம்பவாங் ஷிப்யார்டு ஆயிற்று. பிரிட்டிஷ் படைகள் விலகியது 1971ல். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ‘திருத்தம்’ போட்டோம், ஐந்து வரி. பெரியவர் அந்தக் கட்டத்தை வெட்டியெடுத்து, முந்தின இதழில் தப்பு இருந்த இடத்தின்மேல் அளவாக ஒட்டி வைத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது, பாய்லர் தகடு பதித்த கையல்லவா.

அதோடு விடவில்லை மனிதர். அன்றிலிருந்து ஒவ்வோர் இதழையும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்து, அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். என் தொழிலுக்கே போட்டி. ஒற்று மிகுந்தால் என்ன, மிகாவிட்டால் என்ன என்று விட்டுவிடுவார். ஆண்டு தப்பினால் விடமாட்டார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் பழைய சிங்கப்பூரைப் பற்றி எதை எழுதினாலும் அச்சுக்கு முன்பே பத்தாம் மாடிக்கு எடுத்துப் போகத் தொடங்கினார்கள். புதுக்கோட்டைத் தம்பி முதலில் அவரை ‘சார்’ என்றான், இரண்டாம் தவணையில் ‘தாத்தா’ என்றான். “பசியாறியாச்சா?” என்று அவர் கேட்டபோது அது காலைச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்றே அவனுக்கு முதலில் புரியவில்லையாம். இதழில் ‘காலை உணவு’ என்று போடுவதா, ‘பசியாற’ என்று போடுவதா என்று உள்ளூர்ப் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகளும் என் வீட்டுக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். உள்ளூர்க் கட்சி ஜெயித்தது. டாலரும் அன்றைக்கே ‘வெள்ளி’ ஆயிற்று.

ஒரு விளம்பர மடலில் திருத்தம் வெளிவந்து நான் பார்த்ததில்லை. தப்பு நேர்ந்தால் போய் நிற்க வேண்டும், கேட்டுக்கொள்ள வேண்டும், மறுபடி எழுத வேண்டும் என்கிற கட்டாயம்தான் அந்தப் பையனைப் பத்தாம் மாடிக்கு இரண்டாம் முறை ஏற்றியது. முதல் முறை எல்லாரும் ஏறுவார்கள்.

இன்னொன்று. 2018ல் எங்கள் புளோக்கின் மின்தூக்கிப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி நான்கு மொழியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். தமிழ் மட்டும் யாராலும் படிக்க முடியாது. எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் நின்றது; ‘தொட்டி’ என்ற சொல்லில் ‘த’ தனி, கொம்பு தனி, கால் தனி. நாலாம் மாடி ஆண்ட்டிக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு ஏதோ விழா அறிவிப்பு என்று போய்விட்டார். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நின்றபோது வீட்டில் இருந்தது இரண்டு போத்தல் மினரல் தண்ணீர். அதில்தான் உலை வைத்தார்.

இப்படி உடைந்த தமிழைப் பார்த்துச் சிரித்துப் படமெடுத்துப் பகிர்ந்துகொள்வது நம்மவர்களுக்குப் பழக்கம். அந்த மாத ஆசிரியராக இருந்த பெண் சிரிக்கவில்லை. எப்படி உடைகிறது என்று கண்டுபிடித்தாள். இன்றைய கணினி கொம்பை எழுத்துக்குப் பின்னால்தான் சேமித்து வைக்கிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழுக்கு என்று அமைக்காத பக்க வடிவமைப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டினால் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். அதைப் படம்போட்டு ‘நாலு பக்க’த்தில் எழுதினாள், அச்சான பக்கத்தோடு, எந்த அமைப்பை மாற்றினால் சரியாகும் என்று ஒரு குறிப்பையும் வைத்து அறிவிப்பு ஒட்டியவர்களுக்கு அனுப்பினாள். காரசாரமாக ஒரு வார்த்தை இல்லை. அடுத்த அறிவிப்பு ஒழுங்கான தமிழில் வந்தது. இன்றுவரை வருகிறது. அந்த வேலையை எந்தச் சேவை நாளின் கணக்கில் சேர்ப்பீர்கள்? அவளுடைய கல்லூரிப் பதிவேட்டில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை. நான் கேட்டேன், அது ‘எழுத்துப் பணி’, சமூகப் பணி ஆகாது என்றார்கள்.

2020ல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் இருந்ததே, அந்த எட்டு வாரமும் கல்லூரி பூட்டு. அச்சு இல்லை, கதவு தட்ட முடியாது. பிள்ளைகள் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கண் தெரியாதவர்களுக்கும் கைப்பேசியில் படிக்க வராதவர்களுக்கும் தினம் சாயங்காலம் கூப்பிட்டு வாசித்தார்கள். பத்தொன்பது வீடு. தனியார் கல்லூரியில் மாணவர் அனுமதி அட்டையோடு படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே பகுதிநேர வேலைகூடப் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எட்டு வாரமும் நால்வர் தங்கும் அறையில் கட்டிலே கதியென்று கிடந்தவர்கள் அவர்கள். நாலாம் மாடி ஆண்ட்டி ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அந்தப் பொண்ணு செய்தி படிக்கத்தான் கூப்பிடுது. ஆனா, குரல் சரியில்ல. நான் இன்னைக்கு அதை அரை மணி நேரம் பேச விட்டுட்டேன்.” யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று படிவத்தில் எப்படி நிரப்புவது?

இப்போது நீங்கள் மார்ச்சில் வெள்ளோட்டம் பார்த்த சேவை நாளுக்கு வருகிறேன். ஆரஞ்சு நிற டி-சட்டையில் அறுபது பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பை: எண்ணெய், பிஸ்கட், மைலோ, மீ பாக்கெட். பிள்ளைகள்மேல் குறை இல்லை, வெயிலில் மாடி மாடியாக ஏறினார்கள். ஆனால், அந்த மாதம் மட்டும் எங்கள் தளத்துக்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த மூன்றாவது எண்ணெய் அது. என் பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மைலோவை என்னிடம் கொடுத்துவிட்டார், எனக்கும் சர்க்கரை. “ரெண்டு நிமிஷம் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன், போயிட்டாங்க” என்றார். உங்கள் மின்மடலின் முதல் இதழில் அந்தப் படம் வந்திருக்கிறது. கீழே அவர் பெயர் இல்லை, ‘ஒரு குடியிருப்பாளர்’. அவரிடம் மின்னஞ்சலும் கிடையாது, ஆங்கிலமும் தெரியாது. நான்தான் என் கைப்பேசியில் காட்டினேன். ‘நாலு பக்க’த்தில் அவர் பெயர் ஐந்து முறை வந்திருக்கிறது, அவருடைய மீன்குழம்புக்குத் தனிப் பத்தியே உண்டு.

மணி நேரத்தை எண்ணும் முறை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1997ல் பள்ளிகளில் சி.ஐ.பி. என்ற சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தபோது மாணவருக்கு ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தார்கள். என் மகள் கொடி நாளில் உண்டியலைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலைய வாசலில் நிற்பாள்; கணக்கு முடிந்த நிமிடத்தில் உண்டியலைக் கொடுத்துவிட்டுத் தோழிகளோடு படத்துக்குப் போய்விடுவாள். எந்தச் சங்கத்துக்காக நின்றாள் என்று அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. 2012ல் கல்வி அமைச்சே அதை வி.ஐ.ஏ. (‘செயலில் நற்பண்புகள்’) என்று மாற்றியது, எத்தனை மணி நேரம் என்பதைவிட, பிள்ளைகள் தாங்களே ஒரு தேவையைக் கண்டறிந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு எடை கூடியது. அந்த விதி தனியார் கல்லூரியான உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால், உங்களிடம் வரும் உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் வளர்ந்துதான் வருகிறார்கள். அவர்களைத் திரும்பவும் உண்டியல் காலத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் பார்த்துவிடுவோம்.

வாசகர் குறைவு என்கிறீர்கள். உண்மைதான், நாடு முழுவதும் அப்படித்தான். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. நான் படித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. சேரப் பிள்ளைகள் இல்லை, யாரைக் குறை சொல்ல? எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால், இங்கே கதை வேறு. 250 பிரதி அடிக்கிறோம். வேண்டாம் என்ற வீட்டுக்குப் போடுவதில்லை. ஒரு மாதம் தாமதமானால் என் வீட்டு மணிதான் அடிக்கிறது. ஒருவர் கேட்டார், “என்ன, பரீட்சையா பிள்ளைங்களுக்கு?” என்று. இந்த 250 பேரில் எத்தனை பேர் உங்கள் மின்மடலைத் திறந்தார்கள் என்ற கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

செலவு என்கிறீர்கள். பிரதி அடிக்கும் ரிசோ இயந்திரம் கல்லூரியில் ஏற்கெனவே கிடக்கிறது. கறுப்பு மை, சாதாரணத் தாள். என் உழைப்புக்குக் காசு கேட்டதில்லை. சேவை நாளன்று அறுபது டி-சட்டைக்கும் மதிய பஃபேக்கும் ஆன பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நற்பெயருக்கு இடர் என்கிறீர்கள். இதில் மட்டும் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு; மறைக்கமாட்டேன். கீழே காப்பிக் கடையில் காப்பி 20 காசு ஏறிவிட்டதாக ஒருமுறை போட்டோம். ஏறியது 10 காசு. கடைக்காரர் கோபத்தோடு உங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மெய்ப்புப் பார்த்தவள் நான், தவறு என்னுடையதும்தான். ஆசிரியர் குழுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டோம், திருத்தம் போட்டோம். அந்த அங்கிளுக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. திருத்தத்தை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டார், தமிழ் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட.

தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் இழுத்திருக்கிறீர்கள். 2012ல் வந்த அந்தச் சட்டம் முக்கியமாகக் கேட்பது ஒப்புதலை: எதற்காக என்று சொல்லிக் கேள், கொடுத்தால் அதற்கு மட்டும் பயன்படுத்து. நாங்கள் வைத்திருந்த நீல அட்டை நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பேட்டிக்கும் தேதி போட்டுக் கையெழுத்து இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்திருக்கிறார்கள். மார்ச்சில் என் பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் படத்தைப் போடுவதற்கு யார், எந்த மொழியில், அவரிடம் ஒப்புதல் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தாளை நிறுத்துவது பற்றிய கூட்டத்தில் உங்களில் ஒருவர், “செய்தித்தாள் நடத்துவது கல்லூரியின் வேலையா?” என்று கேட்டாராம், மாணவர்கள் சொன்னார்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. இங்கே ‘சிங்கை நேசன்’ வார இதழாக வந்தது 1887ல். தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியது 1935ல். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் 1950களில் என்ன செய்தார்? அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார், ஆளுக்கு ஒரு வெள்ளி. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு செய்தித்தாள் மூட்டை தூக்குகிறவரையும் பல்கலைக்கழகத்தையும் ஒரு வெள்ளியால் முடிச்சுப் போட்டது. உங்கள் பிள்ளைகள் நாலு பக்கத்தில் நாலு புளோக்கை முடிச்சுப் போட்டார்கள்.

ஆங்கில மின்மடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோருக்கும் புதிதாகச் சேர வருபவர்களுக்கும் அது தேவைதான். அதை நடத்த இதைக் கொல்ல வேண்டாம்.

நான் கேட்பவை இவை.

ஜூலைத் தவணையிலேயே ‘நாலு பக்கம்’ திரும்ப வர வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்களாகவே இருக்க வேண்டும். தொடர்புப் பிரிவு படித்துப் பார்க்கட்டும், எழுதித் தர வேண்டாம். காகிதத்துக்குக்கூட நிதி இல்லையென்றால் எழுத்தில் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு வெள்ளி போடத் தயாராக இருக்கிறோம். வீடு வீடாக வசூலிக்க உரிமம் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும், இந்த வயதில் என்னை அந்த அலைச்சலுக்கு விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செய்தி எடுக்க, சரிபார்க்க, கொண்டுபோய்க் கொடுக்க மாணவர்கள் செலவிடும் நேரத்தைச் சமூக ஈடுபாடாகவே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே படித்து வெளியேறியவர்களில் சான்றுக் கடிதம் கேட்பவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி அறிவிப்பைத் திருத்திய பெண் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், அவளிலிருந்து தொடங்கலாம்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் ஊழியரைப் பொறுப்பாசிரியராகப் போடுங்கள். எனக்கு 67 முடிந்துவிட்டது, இடது கண்ணில் புரை. தொழிலை ஒப்படைத்துவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும்.

தொட்டியிலிருந்து எடுத்த ஆறு கட்டும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. வரிசைப்படி அடுக்கிவிட்டேன். 17, 31, 58 ஆகிய மூன்று இதழ்கள் மட்டும் இல்லை. உங்கள் கிடங்கில் தேடச் சொல்லுங்கள். முழுத் தொகுதியையும் பைண்டு செய்து ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள்; தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதி ஒப்படைக்கும் வேலையை நானே செய்கிறேன், உங்கள் கையெழுத்து மட்டும் வேண்டும்.

முடிவெடுக்கும் முன் மாணவர்களிடமும் கேட்கவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை. ஜூன் மாதம் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். நாற்காலி நாங்கள் போடுகிறோம். தமிழில் பேசுவார்கள், மொழிபெயர்க்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் மாடிப் பெரியவரும் இறங்கி வருகிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக, உங்கள் மின்மடலின் முதல் இதழ் தன்னைக் ‘கல்லூரியின் முதல் சமூகச் செய்தி வெளியீடு’ என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகத்தை மெய்ப்புப் பார்த்தே அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்:

‘திருத்தம்: சென்ற இதழின் முதல் பக்கத்தில், இது இக்கல்லூரியின் முதல் சமூகச் செய்தி வெளியீடு என்று குறிப்பிட்டிருந்தோம். அது தவறு. இக்கல்லூரி மாணவர்கள் 2014 முதல் தமிழில் 104 இதழ்கள் வெளியிட்டுள்ளனர். 105ஆவது இதழ் ஜூலையில் வெளிவரும்.’

இப்படிக்கு,
பின் புளோக், ஆறாம் மாடியிலிருந்து
‘நாலு பக்க’த்தின் மெய்ப்புத் திருத்துநர்